உப்புக்காற்றுக்குத் தாங்கும் ஸ்கூட்டர் எது?

ராமநாதபுரம் கரையில் ஸ்கூட்டர் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது மைலேஜ். அடுத்தது ஆன்ரோடு விலை. அப்புறம், டிக்கியில் ஹெல்மெட் போகுமா என்பது. துருவைப் பற்றிக் கேட்பவர் அரிது. வாங்கி இரண்டு மூன்று வருஷம் போய், சைலன்சர் அடியில் விரல் நுழைகிற ஓட்டை விழுந்த பிறகுதான் அந்தப் பேச்சே வரும். உள்நாட்டு ஊர்களை மனத்தில் வைத்துச் சொன்ன யோசனைகளைக் கேட்டு மண்டபத்திலும் தங்கச்சிமடத்திலும் வண்டி எடுத்தால் இப்படித்தான் ஆகும். நம் பக்கத்தில் வண்டி ஓடித் தேய்வதைவிட நின்ற இடத்தில் அரிபடுவது அதிகம். அதனால் ஒரு ஸ்கூட்டரை இன்னொன்றோடு வைத்துப் பார்க்கும்போது உப்பைத்தான் முதலில் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. மைலேஜ், விலை எல்லாம் அதற்குப் பிறகு.

பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் என்ற துருத்தடுப்புப் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். 1914ல் இருந்து நின்ற பழைய பாலத்தை இந்தக் காற்று என்ன பாடு படுத்தியது என்று பார்த்த பிறகு செய்த ஏற்பாடு அது. ஸ்கூட்டருக்கு அப்படிப்பட்ட பூச்சு எதுவும் கிடையாது. மெல்லிய தகடு, அதன் மேல் ஒரு பெயிண்ட், அவ்வளவுதான்.

கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் கொந்தளிக்கும். கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் வாசல்களில் நிற்கிற வண்டிகளுக்கு அப்போதுதான் சோதனை. வாடை திரும்பினால் வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) முறை. தேவிபட்டினமும் தொண்டியும் வாங்கும். ராமேசுவரம் தீவில் இருப்பவர்களுக்கு வருஷம் முழுக்க ஏதாவது ஒரு பக்கத்தில் இருந்து உப்பு வந்துகொண்டே இருக்கும். ராமேசுவரம் ஜெட்டியில் விசைப்படகுக்காரர்கள் இரவு முழுக்க நிறுத்திப் போகும் வண்டிகளை விடிகாலையில் போய்ப் பாருங்கள். சீட்டைத் தடவினால் கை பிசுபிசுக்கும். கண்ணாடியில் வெள்ளையாக ஒரு படலம். பிரேக் லீவர் திருகில், நம்பர் பிளேட் ஸ்குரூவில், ஸ்டாண்டு ஸ்பிரிங்கில் செம்பழுப்பு. குனிந்து ஃபுட்போர்டுக்கு அடியில் பார்த்தால், முன்சக்கரம் வாரியடித்த மணலும் ஈரமும் சேசிஸ் குழாயோடு, அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தோடு, அப்பிக் காய்ந்திருக்கும். வண்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது அந்த இடம்தான்.

சரி, களத்தில் இருக்கும் வண்டிகளுக்கு வருவோம். மாதச் சம்பளக் குடும்பம் யோசிக்கக்கூடியவை என்று பார்த்தால் பெட்ரோலில் ஹோண்டா ஆக்டிவா 110, டிவிஎஸ் ஜூபிடர் 110, சுசுகி ஆக்சஸ் 125, யமஹா ஃபசினோ 125. மின்சாரத்தில் டிவிஎஸ் ஐக்யூப், பஜாஜ் சேத்தக். இவற்றோடு டிவிஎஸ் எக்ஸ்எல் 100ஐயும் சேர்க்கிறேன். அது ஸ்கூட்டர் வகையில் வராது, மொபெட். ஆனால் இந்தக் கரையில் அதை விட்டுவிட்டு எழுதுகிற ஒப்பீடு முழுமையாகாது.

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரைக்குமான இருசக்கர வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதனால் 110 சிசி ஸ்கூட்டர்களின் ஷோரூம் விலை முன்பைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஆனால் ஷோரூம் விலையை வைத்து மனக்கணக்குப் போடாதீர்கள். தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்குள் இருக்கும் இருசக்கர வண்டிக்கு வாழ்நாள் வரி 10 சதவீதம், அதற்கு மேல் போனால் 12. புது வண்டிக்கு ஐந்து வருஷ மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 75 முதல் 150 சிசி வரை அதற்கு 3,851 ரூபாயும் அதன் மேல் வரியும். உங்கள் வண்டிக்கான காப்பீடு தனி. இதெல்லாம் சேர்த்தால் ஷோரூமில் சொன்ன விலைக்கு மேல் பதினைந்தாயிரம் இருபதாயிரம் நிற்கும். காப்பீட்டில் துருவுக்கு இழப்பீடு வராது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தேய்மானத்தில் சேர்த்துவிடுவார்கள்.

ஆக்டிவாவும் ஜூபிடரும்தான் நிஜமான போட்டி. எடை இரண்டும் 106 கிலோவை ஒட்டித்தான். மைலேஜ் நம் சாலைகளில் இரண்டுக்கும் 45, 50 என்று வரும். இரண்டிலும் மட்கார்டும் பக்கத் தகடுகளும் இரும்பு. இரும்பு என்றாலே துருவுக்குப் பயந்து பிளாஸ்டிக்குக்கு ஓட வேண்டியதில்லை. வெளித்தகட்டில் துரு பிடித்தால் கண்ணுக்குத் தெரியும். உரசி, பிரைமர் அடித்து, பெயிண்ட் போட்டுவிடலாம். இடித்து நசுங்கினால் டிங்கரிங் கடையில் தட்டி எடுத்துவிடுவார்கள். பிளாஸ்டிக் உடம்பு துருப்பிடிக்காது, ஆனால் அதன் உள்ளே இருக்கும் சேசிஸ் இரும்புதானே! அது என்ன நிலையில் இருக்கிறது என்று பார்க்க முடியாமல் மூடி வைத்திருக்கும். விழுந்தால் விரிசல் விட்டு முழு பேனலையே மாற்றச் சொல்லும். வெயிலில் நிறமும் வெளுக்கும்.

இரண்டுக்கும் உண்மையான வித்தியாசம் சக்கரத்தில் இருக்கிறது. ஆக்டிவாவுக்கு முன்னே 12 அங்குலம், பின்னே 10. ஜூபிடருக்கு இரண்டும் 12. தனுஷ்கோடிச் சாலையில் மணல் ஏறிக் கிடக்கும்போதும், கீழக்கரையில் இருந்து ஏர்வாடி போகும் வழியில் ஓரம் பெயர்ந்த இடங்களிலும் அந்த இரண்டு அங்குலம் முதுகுக்குத் தெரியும். 2024ல் வந்த புது ஜூபிடரில் பெட்ரோல் டேங்கை ஃபுட்போர்டுக்கு அடியில் கொண்டுவந்திருக்கிறார்கள். பெட்ரோல் மூடி முன்பக்கம். டேங்க் வெளியேறியதால் டிக்கி 33 லிட்டருக்கு விரிந்துவிட்டது. பாரம் கீழே இருப்பதால் பாம்பன் சாலைப் பாலத்தில் பக்கக்காற்று தள்ளும்போது வண்டி கொஞ்சம் அடக்கமாகப் போகும். 1988ல் திறந்த அந்தப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளம், ஒதுங்க இடம் கிடையாது, சுற்றுலா வேன்காரர்கள் கடலைப் பார்க்கத் திடீரென்று பிரேக் அடிப்பார்கள். அதைத் தினமும் கடக்கிறவர் வண்டியின் நிதானத்துக்குக் காசு கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் டேங்க் கீழே இருப்பதில் ஒரு வேலையும் கூடுகிறது: அடிப்பாகத்தைக் கழுவாமல் விடவே கூடாது.

ஆக்டிவாவின் பலம் வேறு. 2001ல் இருந்து ஓடுகிற பெயர். உச்சிப்புளியிலும் சாயல்குடியிலும் தொண்டியிலும் மரத்தடி மெக்கானிக் கூட அதைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். வேரியேட்டர் ரோலர், பெல்ட், கிளட்ச் ஷூ, பிரேக் கேபிள் என்று எதுவானாலும் சாமான் கடையில் அன்றைக்கே கிடைக்கும். பழைய வண்டியாக விற்கும்போதும் விலை நிற்கும். ஷோரூம் சர்வீசுக்காக ராமநாதபுரம் வரை போய் ஒரு நாள் வேலையைக் கெடுத்துக்கொள்ள முடியாதவர்களுக்கு இது பெரிய விஷயம். உச்சிப்புளிப் பக்கத்து மெக்கானிக் ஒருவர் சொன்னது: "அண்ணே, எந்தக் கம்பெனின்னு பாக்காதீங்க. நம்ம கடையில எந்த வண்டி அதிகமா நிக்குதோ, அந்த வண்டிக்குத்தான் சாமான் இருக்கும்." அவர் கடையில் ஆக்டிவாவும் ஜூபிடரும்தான் வரிசையாக நின்றன.

ஆக்சஸ் 125 ஓட்டச் சுகமான வண்டி. இருவரோடு ஏறி, முன்னால் 20 லிட்டர் தண்ணீர் கேனும் வைத்துக்கொண்டு போனாலும் திணறாது. எடை 110 சிசி வண்டிகளின் எடையேதான், இழுவை அதிகம். ராமநாதபுரத்தில் இருந்து கீழக்கரைக்கோ தேவிபட்டினத்துக்கோ தினமும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்வரும் ஆசிரியர், வங்கி ஊழியர் போன்றவர்களுக்கு, லாரியை முந்த அந்தக் கூடுதல் மூச்சு உதவும். ஊருக்குள்ளேயே பாரதி நகர், கேணிக்கரை, அரண்மனை என்று சுற்றுகிறவருக்கு அது தேவையில்லை. ஃபசினோ 99 கிலோதான். கீழக்கரையின் ஒடுங்கிய சந்துகளில் திருப்ப, தூக்கி நிறுத்த அருமை. ஆனால் அந்த லேசான உடம்பைத்தான் பாலத்துக் காற்று பிடித்துத் தள்ளும். தீவுக்காரர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். ஊருக்குள் மட்டும் ஓட்டும் கல்லூரிப் பிள்ளைக்குத் தாராளமாகச் சொல்வேன்.

எந்த வண்டியானாலும் எந்த வேரியண்ட் எடுப்பது என்பதில்தான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். அடிப்படை மாடலில் இரும்பு ரிம் வரும். டயர் டியூப்லெஸ். ரிம்மின் விளிம்பில் துரு பூத்ததும் டயர் சரியாக உட்காராது. காற்று மெதுவாக இறங்கும். பஞ்சர் கடைக்காரர் ஆணியைத் தேடித் தேடி அலுத்துப் போவார், ஆணி இருக்காது. அலாய் சக்கரத்திலும் வெள்ளையாகப் பொடி பூக்கும், ஆனால் இவ்வளவு சீக்கிரம் கெடாது. சில ஆயிரம் அதிகம் கொடுத்தாலும் அலாய் சக்கரத்துக்குக் கொடுங்கள். புளூடூத், கலர் மீட்டர், சாவியில்லாத ஸ்டார்ட் இவற்றுக்குக் கொடுக்கும் பணத்தை நிறுத்திக்கொள்ளுங்கள். வயரிங் சாக்கெட் ஒவ்வொன்றும் உப்பு நுழைய இன்னொரு வாசல். டிரம் பிரேக்கா டிஸ்க்கா என்றால், ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு டிரம் போதும். பிரேக் கேபிளுக்கும், பிரேக் கட்டையை விரிக்கும் கேமுக்கும் மாதம் ஒரு தடவை எண்ணெய் விட்டால் இறுகாது. பாலமும் பைபாஸும் தினமும் என்றால் முன்பக்கம் டிஸ்க் வேண்டும்.

இனி எக்ஸ்எல் 100. மீன் ஏலம் எடுத்து ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்கிறவருக்கு இதற்கு மாற்று இல்லை. பின்னால் ஐஸ் பெட்டி, முன்னால் கூடை, இரண்டு பக்கமும் குடம் என்று என்ன கட்டினாலும் சுமக்கும். சக்கரம் 16 அங்குலம். மணல் பாதையில் ஸ்கூட்டர் புதையும் இடத்தில் இது தாண்டிவிடும். எடை 90 கிலோவுக்குள். மூடிய உடம்பே இல்லாததால் துரு எங்கே ஆரம்பிக்கிறது என்று வாசலில் நின்றபடியே பார்த்துவிடலாம். மழைத் தண்ணீர் புகுந்து பெல்ட் வழுக்கும் பிரச்சினையும் இல்லை, செயின்தான். அந்தச் செயினும் ஸ்போக்ஸும் திறந்து கிடப்பதால் வாரா வாரம் எண்ணெய் வேண்டும். மீன் பெட்டியில் இருந்து வடியும் உப்புத் தண்ணீர் பின்சக்கர மட்கார்டைத் தின்றுவிடும். பெட்டிக்கு அடியில் ஒரு ரப்பர் ஷீட் போட்டு, தண்ணீர் வெளியே போகக் குழாய் வைத்துக்கொள்வது நல்லது. வேகம் 60ஐ ஒட்டித்தான் என்பதால் ராமேசுவரம் நெடுஞ்சாலையில் சுற்றுலாப் பேருந்துகளுக்கு நடுவே நீண்ட தூரம் போக உகந்ததில்லை. குடும்ப வண்டியாகவும் இதைச் சொல்ல முடியாது.

மின்சார வண்டியைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேச வேண்டும், ஏனென்றால் பணக்கணக்கு அதன் பக்கம்தான் சாய்கிறது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு 20 முதல் 22 லிட்டர் போடுவார். லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிய காலத்தில் அது இரண்டாயிரத்துக்கு மேல். அதே தூரத்துக்கு மின்சார வண்டி சார்ஜிங் இழப்போடு சேர்த்து 35 யூனிட் அளவுக்கு எடுக்கும். இரண்டு மாத ரீடிங்குக்கு 70 யூனிட். உங்கள் வீட்டு மீட்டர் 500 யூனிட்டுக்குள் நிற்கிற வரைக்கும் இது சில நூறு ரூபாயோடு போகும். ஏசி ஓடுகிற வீட்டில் இந்த 70 யூனிட் சேர்ந்து 500ஐத் தாண்டினால் மொத்த பில்லின் அடுக்கே மாறிவிடும். மின் அட்டையை எடுத்து ஒரு வருஷத்து ரீடிங்கைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தூரம் அடுத்த கேள்வி. ராமநாதபுரத்தில் இருந்து ராமேசுவரம் 55 கிலோமீட்டர், போய்வர 110. ஐக்யூபின் 2.2 கிலோவாட் மணி பேட்டரிக்கு நிறுவனம் சொல்லும் ஓட்டம் 75 கிலோமீட்டர்தான். எதிர்க்காற்றில் அதுவும் குறையும். ஆக இந்தச் சின்ன பேட்டரி ஊருக்குள் ஓடுகிறவருக்கும், கீழக்கரை மாதிரி 17, 18 கிலோமீட்டரில் வேலை உள்ளவருக்கும் சரி. பாலம் தாண்டித் தினமும் போகிறவர் மூன்று கிலோவாட் மணிக்கு மேல் உள்ள பேட்டரியைப் பார்க்க வேண்டும், போகிற இடத்தில் ஒரு பிளக் பாயிண்டும் இருக்க வேண்டும். விலை லட்சத்தைத் தாண்டிவிடும்.

உப்பு விஷயத்தில் மின்சார வண்டிக்கு நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. சைலன்சர் இல்லை, பெல்ட் பெட்டிக்குக் காற்றிழுக்கும் வழி இல்லை. ஐக்யூபில் மோட்டார் பின்சக்கரத்துக்குள்ளேயே இருப்பதால் வெளியே துருப்பிடிக்கும் சாமான் குறைவு. சேத்தக்கின் உடம்பு இரும்புத் தகடு. மேலே ஆக்டிவாவுக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும். பேட்டரியைத் தண்ணீர் புகாதபடி அடைத்துத்தான் தருகிறார்கள். தொல்லை கொடுப்பது சின்னச் சின்ன கனெக்டர்கள். சார்ஜிங் முனையில் பச்சைப் பூத்தால் மரத்தடி மெக்கானிக் தொட மாட்டார். கம்பெனி ஆள்தான் வர வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாத ஊர்களும் நம் கரையில் உண்டு. 2024 நவம்பர் 20ல் ராமேசுவரத்தில் ஒரே பகலில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த மாதிரி நாளில் எந்த வண்டியையும் தண்ணீரில் இறக்கக் கூடாது. ஆனால் மறுநாள் பெட்ரோல் வண்டியை உள்ளூரிலேயே பிரித்துக் காயவைத்து ஓட்டிவிடலாம். மின்சார வண்டி லாரி ஏறி டவுனுக்குப் போகும்.

என் தீர்ப்பு இது: ராமநாதபுரம், பட்டணம்காத்தான், பரமக்குடிச் சாலைப் பக்கம் வீடு, மாதம் 800 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம், கூரைக்குக் கீழே நிறுத்த இடம், டவுனிலேயே சர்வீஸ் சென்டர் என்று இருப்பவர் மின்சாரமே எடுக்கலாம். மண்டபத்துக்குக் கிழக்கே இருப்பவர், கடற்கரைக் குப்பங்களில் திறந்த வெளியில் நிறுத்துகிறவர், வாரத்துக்கு நான்கு தடவை கடைத்தெருவுக்கு மட்டும் போகிறவர் பெட்ரோலோடு இருப்பதே நல்லது. தீவுக்காரருக்கு முதல் தேர்வு அலாய் சக்கரம் வைத்த ஜூபிடர். தென்கடல் கிராமங்களில், ஷோரூம் தூரமாக இருப்பவருக்கு அலாய் சக்கரம் வைத்த ஆக்டிவா. விலையில் இரண்டுக்கும் இருக்கும் சில ஆயிரம் வித்தியாசத்தை நான் பெரிதாக எடுக்கவில்லை.

வீட்டு ஆம்பிளை வெளிநாட்டில், வண்டி வாரக்கணக்கில் சும்மா நிற்கிறது என்ற நிலை கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் நிறைய. இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பாதி டேங்கோடு இரண்டு மாதம் விட்டால் டேங்குக்குள்ளேயே தண்ணீர் சேர்ந்து துரு ஆரம்பிக்கும். நிறுத்தப் போவதாக இருந்தால் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள், வாரம் ஒரு முறை ஐந்து கிலோமீட்டராவது ஓட்டச் சொல்லுங்கள். தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடுவதும் கெடுதல். ஈரம் உள்ளேயே நின்றுவிடும். மூடுவதானால் பழைய வேட்டி போதும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்களுக்கு: நம்பர் டிஎன் 65 என்று மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். பரமக்குடியில் நின்ற வண்டிக்கும் பாம்பனில் நின்ற வண்டிக்கும் அதே நம்பர்தான். எங்கே நின்றது என்று கேளுங்கள். புதுப் பெயிண்டைப் பார்த்து மயங்காமல் சென்டர் ஸ்டாண்டு போட்டு, தரையில் உட்கார்ந்து, ஃபுட்போர்டு அடியில் சேசிஸ் குழாயைச் சாவியால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் சரி. மொத்தென்று கேட்டு, செதில் செதிலாக உதிர்ந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். முன் ஃபோர்க் குழாயில் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்திருந்தால் ஆயில் சீல் அடிக்கடி போகும். பத்தாயிரம் ரூபாய் கூடக் கொடுத்தாலும் மதுரை வண்டி லாபம்.

புது வண்டி எடுத்ததும் வீட்டுக்கு வருவதற்கு முன்பே அடிப்பாகத்துக்குத் துருத்தடுப்புப் பூச்சு அடித்துவிடுங்கள். ஸ்டாண்டு ஸ்பிரிங், லீவர் திருகு, பேட்டரி முனை இவற்றில் கொஞ்சம் கிரீஸ். டீசலை அடிக்கும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது; அது ரப்பர் புஷ்களை ஊதவைக்கும், பிரேக்கில் பட்டால் ஆபத்து, வேண்டாம். வாரம் ஒரு முறை கழுவ வேண்டும், அதுவும் எந்தத் தண்ணீரில் என்பதைப் பார்க்க வேண்டும். கரையோர போர்வெல் தண்ணீர் பல தெருக்களில் உப்பு. அதில் கழுவிக் காயவைத்தால், காற்று கொண்டுவந்ததோடு நாமும் ஒரு கைப்பிடி சேர்த்துப் பூசிய மாதிரி. வாட்டர் வாஷ் கடையிலும் முதலில் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். குடம் காசு கொடுத்து வாங்கும் ஊரில் நல்ல தண்ணீரை வண்டிக்கு ஊற்ற மனசு வராது, எனக்குப் புரிகிறது. அரைக் குடம் போதும்: மேலே ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மீதியை ஃபுட்போர்டு அடியிலும் சக்கரத்திலும் சைலன்சர் வளைவிலும் ஊற்றுங்கள். மழை பெய்கிற நாளில் வண்டியைத் தாழ்வாரத்தில் இருந்து வெளியே தள்ளிப் பத்து நிமிஷம் நனையவிட்டாலும் அந்த வாரத்து வேலை முடிந்தது.